அறுபதைத் தாண்டியவர் தனியே காரில் போக: உடுமலை, மூணாறு, கம்பம், குமுளி வனச் சுற்று

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மூணாறுக்கு ஏறி, போடிமெட்டு வழியாகத் தேனி மாவட்டத்துக்கு இறங்கி, கம்பத்திலிருந்து மறுபடி குமுளிக்கு ஏறினால் மொத்தம் ஏறக்குறைய 220 கிலோமீட்டர். அதற்குள் சின்னாறு வனவிலங்கு சரணாலயம், இரவிகுளம் தேசியப் பூங்கா, பெரியார் புலிகள் காப்பகம் மூன்றும் வந்துவிடும். தமிழ்நாடு, கேரளா எல்லையை மூன்று முறை கடப்பீர்கள். இளவட்டங்கள் இதை இரண்டு நாளில் முடிப்பார்கள். அறுபதைத் தாண்டி, பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாமல் ஓட்டுபவர் ஆறு நாள் ஒதுக்க வேண்டும். கை நடுங்குவதாலோ கண் மங்குவதாலோ அல்ல. இந்தச் சுற்றில் ஏற்படும் பெரும்பாலான தொல்லைகள் ஒரே காரணத்தால் வருகின்றன: நேரம் தப்பிப் போவது. செக்போஸ்ட் மூடுவதற்குள் போய்விட வேண்டுமே என்று விரட்டுவது, இருட்டிய பிறகு மலை இறங்குவது, பசியோடும் சோர்வோடும் கடைசி முப்பது கிலோமீட்டரை ஓட்டுவது. ஆகவே கீழே வரும் திட்டம் முழுவதும் ஒரே விதியில் நிற்கிறது. ஒரு நாளைக்கு ஒரு மலை, பிற்பகல் 3 மணிக்குள் தங்குமிடம்.

எந்த மாதம்

முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழிப்போம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் இரவிகுளம் பொதுவாக மூடியிருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தேவிகுளத்துக்கும் பூப்பாறைக்கும் இடையிலான கேப் ரோட்டில் பாறையும் மண்ணும் சரிந்து பலமுறை போக்குவரத்து நின்றிருக்கிறது. 2020 ஆகஸ்டில் இரவிகுளத்தை ஒட்டிய பெட்டிமுடியில் ஒரே இரவில் மண் சரிந்து எழுபது பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அந்த மலையில் மழை எச்சரிக்கையை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இடுக்கி மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால் அறை வாடகை போனாலும் போகட்டும், இருக்கும் ஊரிலேயே ஒரு நாள் தங்குங்கள்.

அக்டோபர் பாதி முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அது கிழக்குப் பார்த்த சரிவுகளை அடிக்கும், அதாவது போடிமெட்டு இறக்கத்தை. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி 14 மகரவிளக்கு வரை கம்பம், குமுளி சாலை முழுக்க ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். நெரிசல் கூடும்போது போலீசார் சபரிமலை வண்டிகளைக் கம்பம்மெட்டுப் பக்கம் திருப்பிவிடுவதும் உண்டு. ஏப்ரல் பின்பாதியும் மே மாதமும் பள்ளி விடுமுறைக் கூட்டம்.

மிச்சம் இருப்பது இரண்டு நல்ல இடைவெளிகள்: பொங்கல் கூட்டம் வடிந்த ஜனவரி கடைசிப் பத்து நாட்கள் (குடியரசு தினத்தை ஒட்டிய நீண்ட விடுமுறையைத் தவிர்த்து), இரவிகுளம் மறுபடி திறந்தபின் ஏப்ரல் முதல் வாரம். ஜனவரியில் மூணாறில் விடியற்காலை உறைபனி விழலாம், ஆனால் பகல் தெளிவாக இருக்கும். இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் ஜனவரிதான். எந்த மாதமானாலும் திங்கட்கிழமை உடுமலையில் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை குமுளியை முடித்துவிட்டால் சனி, ஞாயிறு கூட்டம் உங்களைத் தொடாது.

வண்டியைத் தயார்செய்தல்: பத்து நாட்களுக்கு முன்

சர்வீஸ் விட்டு அடுத்த நாளே கிளம்பக் கூடாது. மெக்கானிக் கை வைத்த வண்டியை ஊருக்குள் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தால்தான் தளர்ந்த நட்டும் ஒழுகும் குழாயும் தெரியவரும்.

சொல்லிச் செய்ய வேண்டியவை இவை. பிரேக் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டு ஆகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சு போல அமுங்கும், வண்டி நிற்காது. பிரேக் பேட் 4 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், ‘இன்னும் ஓடும் சார்’ என்று சொன்னாலும் மாற்றிவிடுங்கள். டயரின் பள்ளம் 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1820 என்றால் 2020-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். கொஞ்சமாக ஓட்டுபவர்களின் வண்டியில் பள்ளம் புதிதாகவே இருக்கும், ரப்பர் மட்டும் காய்ந்து வெடித்திருக்கும். ஆறு ஆண்டு தாண்டிய டயரோடு மலை ஏற வேண்டாம். பேட்டரி மூன்று ஆண்டைத் தாண்டியிருந்தால் சோதித்துவிடுங்கள், மூணாறு குளிரில் காலையில் முரண்டு பிடிக்கும். வைப்பர் ரப்பர், கூலண்ட், ஹெட்லைட் கண்ணாடியின் மஞ்சள் படிவு ஆகியவற்றையும் அதே நாளில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டெப்னி விஷயத்தில் ஒரு சோதனையை நீங்களே செய்ய வேண்டும். வீட்டு வாசலில் ஒரு சக்கரத்தின் நட்டுகளை உங்கள் கையாலேயே தளர்த்திப் பாருங்கள். வண்டியோடு வரும் குட்டை ஸ்பானரால் பலருக்கும் முடியாது, கடையில் மெஷினால் முறுக்கியிருப்பார்கள். நீளமான கைப்பிடி உள்ள வீல் ஸ்பானர் ஒன்றை வாங்கி வைத்தால் பாதி பலத்தில் கழன்றுவிடும். அதோடு 12 வோல்ட் காற்றடிக்கும் பம்பும் டியூப்லெஸ் பங்க்சர் கிட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறு ஆணி என்றால் சக்கரத்தைக் கழற்றாமலே, காற்றை மட்டும் நிரப்பி அடுத்த ஊர்வரை போய்விடலாம். டிக்கியில் செங்கல் அளவுள்ள மரக்கட்டை இரண்டு போட்டு வையுங்கள், சரிவில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு அண்டை கொடுக்க.

கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் பக்கக் கண்ணாடியில் ஒட்டும் சிறு குவி கண்ணாடியைப் பொருத்திக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவில் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டிய இடத்தில் அது பாதி வேலையைச் செய்துவிடும். இரட்டைப் பார்வைக் கண்ணாடி போடுபவர்களுக்குக் கீழ்ப்பாதி வழியே சாலை ஓரம் மங்கலாகத் தெரியும். தூரப்பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி ஒன்று செய்துகொள்வது நல்ல செலவு. கேட்கும் கருவி அணிபவர்கள் வளைவுகளில் வலப்பக்கச் சன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தால் எதிர்வண்டியின் ஹாரன் காதில் விழும். செருப்போடு ஓட்டாதீர்கள், பிரேக்குக்கு அடியில் மடிந்து மாட்டிக்கொள்ளும். தண்ணீர் பாட்டிலையும் காலடியில் போடாதீர்கள். இறக்கத்தில் உருண்டு வந்து பிரேக் பெடலுக்குக் கீழே நிற்கும்.

வாடகைக்கு வண்டி எடுப்பவர்கள் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள வண்டியையே எடுங்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது. செக்போஸ்டில் கேள்வி வந்தாலும் விபத்து நேர்ந்தாலும் சுமை உங்கள் தலையில் விழும்.

காகிதங்களும் மருந்தும்

55 வயதுக்கு மேல் ஓட்டுநர் உரிமத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், மருத்துவச் சான்று படிவம் 1ஏ-யோடு. காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். பலர் தேதியைப் பார்ப்பதே இல்லை. இன்றே எடுத்துப் பாருங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றையும் டிஜிலாக்கரில் வைத்தால் செல்லும், ஆனால் சின்னாறு பகுதியில் சிக்னல் கிடைக்காது. முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள், இல்லையென்றால் காகிதமாகவே எடுத்துப் போங்கள். தமிழ்நாட்டுப் பதிவு பெற்ற சொந்த காருக்குக் கேரளாவில் தனி பெர்மிட் தேவையில்லை.

மருந்தை ஆறு நாளுக்குப் பத்து நாள் கணக்கில் எடுத்து, பாதியைக் கைப்பையிலும் பாதியைப் பெட்டியிலும் பிரித்து வையுங்கள். இன்சுலினை நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள், ஏ.சி. துவாரத்துக்கு நேராகவும் வைக்காதீர்கள். சர்க்கரைக்காரர்கள் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முன் விரலில் குத்திப் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஓட்டக் கூடாது. வழியில் வியர்த்து, கை படபடத்தால் ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அளவு சரியான பிறகும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருங்கள். உடம்பு தெளிந்தது போல் தோன்றினாலும் மூளை தெளிய அவ்வளவு நேரம் பிடிக்கும்.

புராஸ்டேட் மாத்திரை சாப்பிடும் ஆண்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டாம்சுலோசின் வகை மாத்திரைகள் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஓட்டிவிட்டு, பள்ளத்தாக்கு ஓரத்தில் காரிலிருந்து துள்ளி இறங்கினால் தலை சுற்றும். கதவைத் திறந்து, கால்களை வெளியே வைத்து, ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் காட்டுச் சாலை நாட்களில் வேளையை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சின்னாறு பாதையில் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. மலைப் பயண வாந்திக்குக் கொடுக்கும் மாத்திரைகள் பெரும்பாலும் தூக்கம் வரவைப்பவை. ஓட்டுபவர் அதைத் தொடக் கூடாது.

மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம். மூச்சுத்திணறல் நோய் வரும் உயரம் அல்ல. ஆகவே நெஞ்சில் அழுத்தமோ இடது கையில் வலியோ வந்தால் மலைக்காற்று என்று தள்ளிப்போடாமல் 108-ஐ அழையுங்கள். எல்லைப்பகுதியில் எந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறை எடுக்கிறது என்று தெரியாது. எடுத்தவுடன் மாநிலம், மாவட்டம், அருகிலுள்ள செக்போஸ்ட் அல்லது எஸ்டேட் பெயர் என்ற வரிசையில் சொல்லுங்கள். தேனிப் பக்கம் பெரிய அரசு மருத்துவமனை க.விலக்கில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

தனியாகப் போவதற்கான ஏற்பாடு

வீட்டில் ஒருவரிடம் ஒரு தாளைக் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் எங்கிருந்து எங்கே, எந்தச் சாலை, எத்தனை மணிக்குச் சேர்வீர்கள், தங்குமிடத்தின் தொலைபேசி எண், வண்டி எண். ‘சேர்ந்துட்டேன்’ என்ற செய்தி குறித்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கடந்தும் வரவில்லையென்றால் முதலில் தங்குமிடத்துக்கும், அங்கே வரவில்லை என்றால் 112-க்கும் அவர் அழைக்க வேண்டும். இந்த இரண்டு மணி நேரத்தை இருவரும் பேசி வைத்துக்கொள்வது முக்கியம். இல்லையென்றால் அவர் பத்து நிமிடத்தில் பதறுவார், அல்லது மறுநாள் வரை சும்மா இருப்பார். ரத்த வகை, மருந்துகள், ஒவ்வாமை, இரண்டு தொலைபேசி எண்கள் எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் வையுங்கள், போன் பூட்டுத் திரையிலும் ஏற்றிவிடுங்கள்.

தங்குமிடத்தைப் போனில் பேசியே முடிவு செய்யுங்கள், படத்தைப் பார்த்து வேண்டாம். கேட்க வேண்டியவை: கார் அறை வாசல் வரை வருமா, அந்த வழி தார்ச்சாலையா சரிவான மண்பாதையா, தரைத்தள அறை உண்டா, எத்தனை படி, வெஸ்டர்ன் கழிவறையா, இரவில் வாசல் விளக்கு எரியுமா. மூணாறைச் சுற்றியுள்ள பல ஹோம்ஸ்டேக்களுக்குக் கடைசி 500 மீட்டர் செங்குத்தான கருங்கல் பாதை. ‘கார் வரும்’ என்பார்கள், ஜீப்பை மனதில் வைத்துச் சொல்வார்கள்.

ரொக்கம் ஐயாயிரமாவது கையில் இருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது. கூகுள் மேப்பில் இந்தப் பகுதியை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

முதல் நாள்: உடுமலை, சின்னாறு, மறையூர் (சுமார் 46 கி.மீ.)

முந்தின இரவு உடுமலையில் தங்குங்கள். டாங்கை அங்கேயே நிரப்புங்கள். காலை 7 மணிக்குக் கிளம்பினால் போதும். இந்தச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. அன்றைய நிலையை உடுமலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாலைக் கணக்கை நம்பி வராமல் காலையிலேயே கடந்துவிடுவதுதான் நிம்மதி.

அமராவதி அணைக்குப் பிரியும் பாதையைத் தாண்டியதும் தமிழக வனத்துறையின் ஒன்பதாறு செக்போஸ்ட். பெயர், வண்டி எண், எங்கே போகிறீர்கள் என்று எழுதிக்கொள்வார்கள். பிளாஸ்டிக் பாட்டில், மது இருக்கிறதா என்று டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். ஸ்டீல் பாட்டில் கொண்டு போனால் பேச்சே இல்லை. இங்கே வண்டியை விட்டு இறங்கி, கழிவறை முடித்து, ‘முன்னாடி யானை நிக்குதாங்க?’ என்று கேட்டுவிட்டுப் போங்கள். அரைமணி முன்பு எந்த வளைவில் நின்றது என்பது வரை அவர்களுக்குத் தெரியும். சின்னாறு பாலத்தைத் தாண்டினால் கேரள செக்போஸ்ட். அங்கும் தமிழிலேயே பேசலாம். ‘ஆன உண்டோ சேட்டா?’ என்றாலும் முகம் மலரப் பதில் சொல்வார்கள்.

சின்னாறு மழைமறைவுப் பகுதி. கேரளா என்றால் பச்சை என்று நினைத்து வருபவர்கள் முள்ளுக்காட்டையும் கள்ளியையும் பார்த்துத் திகைப்பார்கள். 90 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் ஆற்றோர மருத மரங்களில் சாம்பல் நிற மலை அணில், தரையில் நட்சத்திர ஆமை என்று வேறெங்கும் சுலபத்தில் பார்க்க முடியாதவை உண்டு. ஆமை சாலையைக் கடக்கும். சாலையில் கல் போல் கிடந்தால் வேகத்தைக் குறைத்து நன்றாகப் பாருங்கள். இரண்டு செக்போஸ்டுகளுக்கும் மறையூருக்கும் இடையே படம் எடுக்க நிறுத்த வேண்டாம். நடக்க ஆசைப்பட்டால் சின்னாறு செக்போஸ்டில் கேட்டு, வனத்துறை வழிகாட்டியோடு நடங்கள். கோடையில் தீ அபாயம் இருந்தால் நடையை நிறுத்தியிருப்பார்கள், கெஞ்ச வேண்டாம். 2018 மார்ச்சில் இதே மலைத்தொடரின் கிழக்குப் பக்கம், போடிக்கு மேலுள்ள குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள்.

யானையை எதிர்கொள்வது பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். தொலைவில் பார்த்தவுடன் நூறு மீட்டருக்கு அப்பாலேயே நில்லுங்கள். ஹாரன் கூடாது, ஹெட்லைட்டை அடித்து அணைப்பது கூடாது, சன்னலை ஏற்றிவிடுங்கள். இன்ஜின் ஓடட்டும், ரிவர்ஸ் கியரைத் தயாராக வையுங்கள், பின்னால் வண்டி வந்து ஒட்டிக்கொள்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒட்டினால் கையைக் காட்டிப் பின்வாங்கச் சொல்லுங்கள். காதை வீசிக்கொண்டு மேய்ந்தால் அது அமைதியாக இருக்கிறது. காதை விரித்து நிறுத்தி, வாலைத் தூக்கி, தும்பிக்கையைச் சுருட்டினால் கோபம். அந்த நொடியிலேயே பின்வாங்குங்கள். குட்டியோடு நிற்கும் கூட்டத்தையும் தனிக் கொம்பனையும் கடக்க முயலவே வேண்டாம். அரைமணி ஆகும், ஒரு மணி ஆகும், காத்திருங்கள். முன்னால் போகும் பஸ் கடந்துவிட்டது என்பதற்காக நீங்களும் போகலாம் என்று பொருளல்ல. பஸ் கடந்த எரிச்சலை அடுத்து வரும் சிறிய வண்டியின் மேல் காட்டும்.

மறையூர் வந்துவிட்டால் அன்றைய ஓட்டம் முடிந்தது. சந்தன மரங்களைச் சுற்றிக் கம்பிவேலி, மலைமேல் முனியறை எனப்படும் பெருங்கற்காலக் கல்வீடுகள், கரும்பு ஆலைகளில் கொப்பரையில் பாகு காய்ச்சும் வாசனை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் சர்க்கரை, அதாவது உருண்டை வெல்லம், அங்கேதான் வாங்க வேண்டும். வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து டிக்கியில் வையுங்கள். வாழைப்பழமும் அப்படித்தான். மறையூருக்கும் மூணாறுக்கும் இடையே பல ஆண்டுகளாக நடமாடும் படையப்பா என்ற கொம்பன் உட்பட, அந்தச் சாலை யானைகளுக்குப் பழமும் காய்கறியும் எந்த வண்டியில் இருக்கிறது என்று மோப்பத்தில் தெரியும்.

இரண்டாம், மூன்றாம் நாள்: இரவிகுளம்

மறையூரிலிருந்து மூணாறு சுமார் 40 கிலோமீட்டர், தலையார், வாகுவரை எஸ்டேட்டுகள் வழியாக. இரவிகுளத்தின் நுழைவிடம் மூணாறுக்குள் போகும் முன்பே, இந்தச் சாலையிலேயே, அஞ்சாம் மைலில் வந்துவிடும். மூணாறில் தங்கி அங்கிருந்து திரும்பி வருபவர்களை விட உங்களுக்கு இது வசதி. காலை முதல் வேளைக்கு இணையத்தில் முன்பதிவு செய்து, 6 மணிக்கு மறையூரை விட்டால் வரிசை சேரும் முன் போய்ச் சேரலாம். பத்து மணிக்கு மேல் வந்தால் வெயிலில் நிற்க நேரும், அதற்குள் மூடுபனியும் ஏறிவிடும்.

உங்கள் காரைக் கீழேயே விட்டுவிட்டு வனத்துறை பஸ்ஸில் ராஜமலைக்கு ஏற வேண்டும். இறங்கிய இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்குத் தார்ச்சாலையில் மெல்லிய ஏற்றம். மூட்டுவலிக்காரர்கள் கைத்தடியை மறக்காதீர்கள், ஏறுவதை விட இறங்கும்போதுதான் முழங்கால் கேட்கும். முழு தூரமும் போக வேண்டியதில்லை. வரையாடுகள் முதல் அரை கிலோமீட்டரிலேயே சாலையோரப் பாறையில் படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கும். முதுகில் வெளிறிய சேணம் போலத் தடம் உள்ளது வயது முதிர்ந்த கிடா. தொடாமல், ஊட்டாமல், பாறையோரமாக ஒதுங்கி நில்லுங்கள், அது தானே பக்கத்தில் வந்து புல் கடிக்கும். நம் மாநில விலங்கை இவ்வளவு நெருக்கத்தில் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. 1978-இல் தேசியப் பூங்காவான இந்த 97 சதுர கிலோமீட்டருக்குள்தான் 2,695 மீட்டர் ஆனைமுடியும் இருக்கிறது. குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. அதற்குத் தனியாக ஒருமுறை வர வேண்டியிருக்கும்.

மூணாறில் இரண்டு இரவு தங்குங்கள். மூன்றாம் நாள் காரைத் தொட வேண்டாம். இது சோம்பேறித்தனம் அல்ல. நான்காம் நாள் இறக்கம்தான் இந்தச் சுற்றின் கடினமான பகுதி, தோளும் கண்ணும் அதற்குத் தேறியிருக்க வேண்டும்.

நான்காம் நாள்: கேப் ரோடு, போடிமெட்டு, கம்பம்

காலை 8 மணிக்கு, பனி விலகியபின் கிளம்புங்கள். கேப் ரோட்டில் பனி மூடினால் லோ பீம் மட்டும் போடுங்கள். ஹை பீம் போட்டால் பனியில் பட்டு உங்கள் கண்ணிலேயே அடிக்கும். முப்பது மீட்டர் கூடத் தெரியவில்லையென்றால் டீக்கடை வாசல் போன்ற அகலமான இடத்தில் நிறுத்துங்கள், சாலையோரத்தில் அல்ல.

வழியில் சின்னக்கானல். அரிக்கொம்பன் என்ற யானை சுற்றிய இடம். 2023 ஏப்ரலில் கேரள வனத்துறை அதைப் பிடித்துப் பெரியார் காட்டில் விட்டது. ஒரு மாதத்தில் அது கம்பம் ஊருக்குள் வந்து நின்றது. ஜூனில் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. நீங்கள் காரில் சுற்றும் அதே வட்டத்துக்குள்தான் அதன் கதையும் நடந்திருக்கிறது. பூங்கா வாசல் தாண்டிவிட்டோம், இனி கவனம் வேண்டாம் என்று இந்த மலையில் எங்கும் நினைக்க முடியாது.

போடிமெட்டில் ஒரு டீ, ஒரு பத்து நிமிட நடை. பிறகு 17 கொண்டை ஊசி வளைவுகள். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய லாரி ஓட்டுநர்களின் கணக்கு, இன்றைக்கும் அதுவே சரி. இரண்டாவது கியர், வளைவில் முதல் கியர். ஆட்டோமேடிக் வண்டியில் டி-யில் விடாமல் எல் அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். நியூட்ரலில் ஒரு மீட்டர் கூட உருளவிடாதீர்கள். பிரேக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் சூடு ஆறவே ஆறாது. அழுத்தி வேகத்தைக் குறைத்து முழுதாக விடுங்கள், மறுபடி அழுத்துங்கள். மின்சாரக் காரில் வருபவர்கள் மூணாறில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் மின்சாரத்தைத் திருப்பி வாங்க இடமிருக்காது, மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, மொத்தச் சுமையும் பிரேக்கில் விழும்.

ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை. பஸ் வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும், அதனால் வளைவுக்கு ஒரு வண்டி நீளம் முன்பே நின்று அதைப் போகவிடுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவனுக்காக வேகம் கூட்டாதீர்கள். அகலமான இடம் வந்ததும் இடது இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி, போகச் சொல்லுங்கள். எரிந்த ரப்பர் போன்ற வாசனை வந்தாலோ பெடல் கீழே இறங்கினாலோ சமமான இடத்தில் நிறுத்தி அரைமணி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும். கியரில் போட்டு, கொண்டுவந்த மரக்கட்டையைச் சக்கரத்துக்கு வைத்தால் போதும்.

போடிக்கு வந்ததும் குளிர் போய் வெக்கை அடிக்கும். ஸ்வெட்டரைக் கழற்றி, தண்ணீர் குடித்து, தேவாரம், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் போங்கள். அன்றே குமுளி ஏற வேண்டாம்.

ஐந்தாம் நாள்: தேக்கடி

கம்பத்திலிருந்து குமுளி இருபது கிலோமீட்டர் சொச்சம். சொந்த வண்டியை ஏரி வரை விடமாட்டார்கள். குமுளியில் ஆனவாச்சல் மைதானத்தில் நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் போக வேண்டும். படகுச் சீட்டை இணையத்தில் முன்பே எடுங்கள், அடையாள அட்டையை உடன் வையுங்கள். காலை முதல் படகுதான் விலங்கு தெரியும் படகு. நீர் குடிக்க வரும் யானையும் காட்டெருமையும் வெயில் ஏறியதும் உள்ளே போய்விடும். உயிர்காப்புச் சட்டையின் கொக்கியை நீங்களே இழுத்துப் பாருங்கள். இருக்கையை விட்டு எழுந்து ஒரு பக்கமாகச் சாயாதீர்கள். 2009 செப்டம்பரில் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்திருக்கிறார்கள். தண்ணீரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கருத்த மரக்கட்டைகள் 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம். அதன்மேல் நீர்க்காகம் சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும்.

வனத்துறை வழிகாட்டியோடு போகும் மூன்று மணி நேர நடைக்கு அட்டைக் காலுறை தருவார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அட்டை கடித்தால் ரத்தம் சீக்கிரம் நிற்காது. அட்டையின் எச்சிலே ரத்தம் உறைவதைத் தடுக்கும், மாத்திரையும் சேர்ந்துகொள்ளும். பிய்த்து எறியாமல் நகத்தால் நெம்பி எடுத்து, மெல்லிய துணியை மடித்து இருபது நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ஈரம் உள்ள மாதமென்றால், இந்த மருந்துக்காரர்கள் நடையை விட்டுவிட்டுப் படகோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

ஆறாம் நாள்: திரும்புதல்

குமுளியிலிருந்து லோயர்கேம்ப் வரை குட்டையான ஆனால் செங்குத்தான இறக்கம். ஐந்து நாள் ஓட்டிப் பழகிவிட்டது என்று கை தளரும் இடம் இது. இங்கும் இரண்டாவது கியர்தான். மலைச்சரிவில் இறங்கி வரும் பெரிய நீர்க்குழாய்கள் தெரிய ஆரம்பித்தால் முக்கால்வாசி இறங்கிவிட்டீர்கள். கீழே, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபத்துக்கு எதிரே நிழலில் நிறுத்தி, போனட்டைத் திறந்து கூலண்ட் அளவைப் பாருங்கள். நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்ற மூன்றை விட அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. கம்பத்திலேயே மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு ஓட்டுங்கள். எல்லாம் ஒரே சூடாக இருந்தால் வீட்டுக்கு ‘இறங்கிட்டேன்’ என்று செய்தி அனுப்பிவிட்டு, மதிய வெயிலுக்கு முன் தேனியைத் தாண்டிவிடலாம்.